பல் வலி, சொத்தை, வேர் சிகிச்சை: குடியாத்தம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், மேல்பட்டி, பள்ளிகொண்டா என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வலி உயிர் போகிற நேரத்தில் வந்து கேட்பதால், நான் சொல்லும் பதில் அவர்கள் மனதில் நிற்பதில்லை. வீட்டில் நிதானமாக உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்ன பதில் பின்னால் வேண்டியிருக்கும், அதனால் மேலிருந்தே படித்து வருவது நல்லது.

பல்லுக்குள்ள புழு கீதுன்னு சொல்றாங்களே, நெஜமா?

இல்லை. சிலர் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகையை வாயில் பிடிக்கச் சொல்வார்கள். அப்புறம் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகளைக் காட்டி, "பாருங்க புழு" என்பார்கள். அந்தத் துணுக்குகள் உங்கள் பல்லிலிருந்து வந்தவை அல்ல.

சொத்தையை உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். காலையில் எழுந்ததும் பல்லை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருகிறதே, அந்தப் படலத்தில்தான் அவை வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோடான எனாமலைக் கரைக்கிறது. நம் உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல்தான். ஆனால் ஒடிந்த எலும்பு கூடுவது போல அது மறுபடி வளராது. குழி விழுந்தால் விழுந்ததுதான்.

நான் ஸ்வீட்டே தொடறதில்ல. எனக்கு எப்படி சொத்தை வந்துச்சு?

ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்பேன். தறி ஓட்டுகிறவர்களும் கடையில் உட்காருகிறவர்களும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பார்கள். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் வாயில் அமிலம் ஏறுகிறது. எச்சில் அதை அடக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த டீ வந்துவிட்டால் பல் நாள் முழுக்க அமிலத்திலேயே ஊறுகிறது.

அதனால் சாப்பாட்டோடு ஒரு ஆற்காடு மக்கன் பேடா தின்று வாய் கொப்பளிக்கிறவரைவிட, காலையிலிருந்து ராத்திரி வரை அரை டம்ளர் அரை டம்ளராக டீயும் பிஸ்கட்டும் எடுக்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். இன்னொன்று, தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். காலையில் மட்டும் பல் துலக்கினால் போதாது என்று சொல்வது அதனால்தான். ஒரே ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரி வேளையைத் தேர்ந்தெடுங்கள்.

கருப்பா ஒரு புள்ளி கீது, வலியெல்லாம் இல்ல. அதைப் போய் அடைக்கணுமா?

எல்லாக் கருப்பும் சொத்தை இல்லை, சில இடத்தில் வெறும் கறையாக இருக்கும். பார்த்துத்தான் சொல்ல முடியும். சொத்தை என்றால் வலி இல்லாத இந்தக் கட்டம்தான் அடைப்பதற்குச் சரியான நேரம். எனாமலுக்கு நரம்பு கிடையாது, அதனால் அங்கே சொத்தை இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு அடுத்த அடுக்கு டென்டின். சொத்தை அங்கே போனதும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று இருக்கும். அதையும் தாண்டி நடுவில் இருக்கும் கூழுக்குப் போய்விட்டால், நாம் "நரம்பு" என்று சொல்கிறோமே, அந்த இடம், அப்புறம் படுத்தால் தூங்க விடாது.

முதல் இரண்டு கட்டத்தில் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்தால் போதும், பெரும்பாலும் ஒரே நாள் வேலை. பல் நிறத்திலேயே நீல ஒளி காட்டி இறுக வைக்கும் காம்போசிட் என்ற பிசின்தான் இப்போது அதிகம். குழந்தைகளுக்கும் வேர் ஓரத்துச் சொத்தைக்கும் அயனோமர் சிமென்ட் என்ற இன்னொரு வகை அடைப்பு வைப்போம். பழைய வெள்ளி அடைப்பு வாயில் நன்றாக இருந்தால் அதைத் தோண்டி எடுக்கச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், வலி நின்னுடுச்சு. இன்னும் இன்னாத்துக்கு வைத்தியம்?

நான் மிகவும் வருத்தப்படுகிற கேள்வி இது. இந்தப் பக்கத்தில் ஒரு பல் போவதற்குப் பாதிக் காரணம் வலி நின்றுபோனதுதான். வலி மாத்திரை வலியை மறக்கடிக்கும், சொத்தையைத் தொடாது. மாத்திரை போடாமலேயே வலி நின்றுவிட்டால் அது இன்னும் மோசம். பெரும்பாலும் உள்ளே இருந்த கூழ் செத்துவிட்டது என்று அர்த்தம். உணர்வு சொல்ல நரம்பு இல்லை, ஆனால் கிருமி இருக்கிறது. அது வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். சில மாதம் கழித்து ஈறில் சின்னக் கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். அதில் வலி இருக்காது. "அப்பப்போ ஒரு பரு வருது டாக்டரம்மா, தானா போயிடுது" என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து கருவட்டமாகத் தெரியும்.

ஆன்டிபயாட்டிக் ஏன் இதைக் குணப்படுத்தாது என்றும் கேட்பார்கள். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். செத்த கூழில் ரத்த ஓட்டமே இல்லை. வெளியே பரவிய வீக்கத்தை அது கொஞ்சம் அடக்கும், பல்லுக்குள் இருக்கும் மூலத்தை அடக்காது. சீட்டு இல்லாமல் இரண்டு நாள் போட்டு நிறுத்துவது கிருமியைப் பழக்கி விடுவதுதான். கிட்னிக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு வலி மாத்திரையே கெடுதல் செய்யலாம்.

ராத்திரி ஒரு பொழுதைத் தள்ள வேண்டும் என்றால், பஞ்சில் ஒரு சொட்டு கிராம்புத் தைலம் நனைத்துக் குழியில் வையுங்கள். அதில் இருக்கும் யூஜினால் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். மாத்திரையை ஈறு ஓரத்தில் அடக்கி வைக்காதீர்கள், ஈறு வெந்து வெள்ளையாக உரிந்துவிடும். கற்பூரம், புகையிலை, பெட்ரோல் எதுவும் வேண்டாம்.

வேர் சிகிச்சைன்னா இன்னா பண்ணுவீங்க? ஏன் அத்தனை வாட்டி வரச் சொல்றீங்க?

கெட்டுப்போன கூழை எடுத்துவிட்டு, அது இருந்த குழாயைச் சுத்தம் செய்து, இனி கிருமி புகாதபடி அடைப்பதுதான் வேர் சிகிச்சை. முதலில் மரத்துப்போக ஊசி. அப்புறம் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு, எச்சில் உள்ளே போகாமல் இருக்க. பல்லின் தலையில் சின்னத் துவாரம் போட்டு வேர்க் குழாயைத் தேட வேண்டும். முன்பல்லுக்கு வழக்கமாக ஒரு குழாய்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று நான்கு இருக்கும், மேல் கடைவாய்ப் பல்லில் நாலாவது குழாய் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும், அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் பின்னால் தொல்லை.

குழாய்க்குள் இறக்கும் ஃபைல் என்ற கருவியை நீங்கள் கையில் வாங்கிப் பார்க்கலாம். மெலிசான ஃபைலின் நுனி சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், சவர பிளேடின் தடிமன் அளவு. மெலிசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசுக்குப் போய்ச் சுவரைச் சுரண்டுவோம். இடையிடையே சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவுவோம். கடைசியில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசினால் செய்த மெல்லிய குச்சியை வைத்து அடைப்போம். சீழ் இல்லை என்றால் ஒரே நாளில்கூட முடிக்கலாம். சீழ் இருந்தால் கால்சியம் மருந்தை உள்ளே வைத்து மூடி, ஒரு வாரம் விட்டு மறுபடி பார்ப்போம். முடிந்தபின் மூன்று நான்கு நாள் கடித்தால் லேசாக வலிக்கும், அது வழக்கம்.

முதல் நாளே வலி போய்விடும். அதனால் பலர் அடுத்த முறை வருவதே இல்லை. முதல் நாள் வைக்கும் அடைப்பு தற்காலிகமானது, சில வாரத்தில் ஓரம் கசியும். பாதியில் நிறுத்திய வேர் சிகிச்சை, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

நரம்பு எடுத்தாச்சு, வலியும் இல்ல. கேப் கட்டாயம் போடணுமா? அது காசுக்குத்தானே?

கேப் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை. கடைவாய்ப் பல்லுக்கு அது கட்டாயம் வேண்டும். சொத்தையும் போய், நாங்கள் போட்ட துவாரமும் சேர்ந்து, பல்லில் மிஞ்சி இருப்பது சுவர் மட்டும்தான். ஒரு நாள் முறுக்கோ எலும்போ கடித்தால் நட்ட நடுவில் பிளந்துவிடும். வேர் வரை பிளந்த பல்லைக் காப்பாற்ற வழியில்லை, பிடுங்கத்தான் வேண்டும். அப்போது வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் வீண்.

முன்பல்லில் சுவர் நன்றாக இருந்தால் கேப் இல்லாமலும் விடலாம். பணம் ஒரே நேரத்தில் புரட்ட முடியவில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உலோகக் கேப் விலை குறைவு, பின்பல்லுக்கு அது நன்றாகவே உழைக்கும். வெளியே தெரிகிற இடத்துக்கு உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதோ, ஜிர்கோனியா என்ற கடினமான வெள்ளைப் பொருளில் செய்ததோ போட்டுக்கொள்ளலாம்.

புடுங்கிட்டா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடுமே? அத்தனை செலவு எதுக்கு?

அன்றைக்கு முடிந்துவிடும், அப்புறம் மெதுவாக ஆரம்பிக்கும். பல் போன இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும். எதிரே மேலே இருக்கும் பல்லுக்குக் கடிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கும். இடுக்கு விழும், அதில் சாப்பாடு சிக்கும், அங்கே புதுச் சொத்தை வரும். அந்தப் பக்கம் மெல்லுவதையே விட்டுவிடுவீர்கள். காப்பாற்ற முடிந்த பல்லை விலை குறைவு என்பதற்காகப் பிடுங்குவதை நான் விரும்புவதில்லை. காப்பாற்ற முடியாத பல்லை வைத்துக்கொண்டிருப்பதும் தப்புதான்.

பிடுங்கியபின் மூன்று வழி இருக்கிறது. கழற்றி மாட்டும் பல்செட், விலை குறைவு, ஆனால் மெல்லும் பலமும் குறைவு. இரண்டு பக்கத்துப் பல்லையும் தேய்த்து அவற்றின் மேல் நிற்கும் பாலம். எலும்புக்குள் டைட்டானியம் திருகை வைத்து அதன் மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட். பக்கத்துப் பல் இரண்டும் பழுதில்லாமல் இருந்தால் அவற்றைத் தேய்ப்பதைவிட இம்ப்ளான்ட் மேல். ஆனால் எலும்போடு அது ஒட்டிப்பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் சுகர் கட்டுப்படாதவர்களுக்கும் தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம்.

மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு பூடும்னு எங்க ஆயா சொல்லுதே?

போகாது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல் கொட்டுகிற வயதில்தான் கண்ணில் புரையும் விழுகிறது, அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆயாவையும் ஒருமுறை கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

புடுங்கினப்புறம் ரத்தம் நிக்கல, துப்பிக்கினே கீறேன். இன்னா பண்றது?

துப்புவதை நிறுத்துங்கள். துப்பத் துப்ப உறைந்த ரத்தக் கட்டி பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நான் வைத்து அனுப்பிய பஞ்சை முக்கால் மணி நேரம் இறுகக் கடித்திருங்கள், எச்சிலை விழுங்குங்கள். முதல் நாள் வாய் கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச வேண்டாம், பீடி வேண்டவே வேண்டாம். சாதம் ஆறியபின் சாப்பிடுங்கள், தயிர் சாதம், கூழ், ஐஸ்கிரீம் எல்லாம் சரி. கன்னத்தில் வெளிப்பக்கமாக ஐஸ் வைக்கலாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கலந்து வருவது ஒரு நாள் இருக்கும். பஞ்சைக் கடித்தும் வாய் நிறைய ரத்தம் வந்தால் மட்டும் உடனே வாருங்கள்.

மூன்றாம் நாள் வாக்கில் வலி குறைவதற்குப் பதிலாகக் காது வரை ஏறினால், ரத்தக் கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். புகைக்கிறவர்களுக்கு இது அதிகம் வரும். குழியைக் கழுவி மருந்து வைத்தால் சீக்கிரமே தணியும்.

போன வாட்டி ஊசி போட்டும் வலிச்சுது. எனக்கு மருந்து ஏறாதா?

ஏறும். சீழும் அழற்சியும் இருக்கும் இடத்தில் திசு அமிலமாக இருக்கும், மரத்துப்போக வைக்கும் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. பொறுக்க முடியாத வலியோடு வருபவர்களுக்கு, அதிலும் கீழ்க் கடைவாய்ப் பல்லில், இது நடக்கும். அப்போது வேறு இடத்தில் கூடுதலாக ஊசி போடுவோம், அல்லது சீழை வடியவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்ப்போம். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நான் நிறுத்திவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம் போய்விட்டது. வலிக்கு முன்பே வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கிளீன் பண்ணினா பல் ஆடும், சந்து விழும்னு சொல்றாங்களே?

பல்லைச் சுற்றிக் கல்லாக இறுகிப்போன காரையைத்தான் எடுக்கிறோம், பல்லை அல்ல. ஏற்கனவே ஈறு இறங்கி எலும்பு கரைந்திருக்கும், அந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இருந்த சந்து கண்ணுக்குத் தெரிகிறது. ஆட்டத்தை உண்டாக்கியது சுத்தம் செய்தது அல்ல, சுத்தம் செய்யாமல் விட்ட காலம்தான்.

துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. ஈறு ஓரத்தில்தான் அழுக்கு இருக்கிறது, மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் துலக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் வாருங்கள்.

ஐஸ் தண்ணி பட்டா சுர்ருனு ஏறுது. சொத்தை இல்லன்னு நீங்களே சொன்னீங்க, அப்புறம் ஏன்?

கத்திரி வெயிலில் ஃப்ரிட்ஜ் தண்ணீர் குடிக்காமல் வேலூர்க்காரர்களால் இருக்க முடியாது, அதனால் கோடையில் இந்தக் கேள்வி கூடிவிடும். எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ, மேலே சொன்ன டென்டின் திறந்துகொள்கிறது. அழுத்தித் துலக்குவது, செங்கல் பொடி, உமிக்கரி, சாம்பல், கரகரப்பான சிவப்புப் பல்பொடி இவைதான் பெரும்பாலும் காரணம். பழுப்பு போய்ப் பளிச்சென்று ஆவது போலத் தெரியும், கூடவே பல்லும் தேயும். வேப்பங்குச்சி நல்லதுதான், முனையை நன்றாக மென்று மென்மையாக்கி மேலும் கீழும் தேய்த்தால். குறுக்கே இழுத்தால் ஈறைக் கிழிக்கும்.

லுங்கித் தறிக்காரர்களிடமும் தையல்காரர்களிடமும் ஆம்பூர்ப் பக்கம் ஷூ தைக்கும் பெண்களிடமும் ஒன்று பார்க்கலாம். மேல் முன்பல்லின் விளிம்பில், ஒரே இடத்தில், சின்ன வெட்டு. வருஷக்கணக்காக நூலைப் பல்லால் கடித்து அறுத்த தடம் அது. கையோடு ஒரு சின்னக் கத்தரியைக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். விழுந்த வெட்டை காம்போசிட்டால் நிரப்பிவிடலாம், பழக்கம் நின்றால்தான் அது நிற்கும்.

சுகர் கீது. பல்லைப் புடுங்கக் கூடாதுன்னு சொல்றாங்க. ரத்தம் உறையாத மாத்திரை வேற சாப்பிடறேன்.

சுகர் கட்டுக்குள் இருந்தால் தாராளமாகப் பிடுங்கலாம். வெறும் வயிற்றோடு வராதீர்கள். சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு, காலை நேரத்தில் வாருங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுகர் ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டாலும் சுகர் இறங்காது. ஈறைச் சரிசெய்தபின் சுகர் அளவு கொஞ்சம் குறைவதையும் பார்க்கிறோம்.

ரத்தம் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்திவிடலாம், இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்டில் ரத்தம் கட்டினால் உயிருக்கு ஆபத்து. வார்ஃபரின் வகை என்றால், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துவிட்டுத் தேதி குறிப்போம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலோ வேறெங்கோ இதய வைத்தியம் பார்த்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். இதய வால்வு மாற்றியவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தர வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பு ஊசி போட்டவர்களும் சொல்லிவிட வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

மாசமா இருக்கேன். பல் வலிக்கு வைத்தியம் பார்க்கலாமா மேடம்?

பார்க்கலாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது, தாயின் உடம்பில் சீழ் இருப்பதைவிட ஊசியும் வைத்தியமும் பாதுகாப்பு. அவசியமான எக்ஸ்ரேயை ஈயக் கவசம் போட்டு எடுக்கலாம். மாத்திரை மட்டும் யார் சொன்னாலும் கேட்காமல், கர்ப்பம் என்று சொல்லி எழுதி வாங்குங்கள்.

பால் பல்லுதானே, விழப்போறது. அதுக்குப் போய் வைத்தியமா?

பால் பல் இருபதும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. கடைசிக் கடைவாய்ப் பால் பல் பதினொன்று, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டும். ஐந்து வயதில் அதைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமல் கோணலாக முளைக்கும். அதற்குக் கம்பி கட்டும் செலவு பல மடங்கு.

எல்லாப் பெற்றோருக்கும் நான் சொல்வது ஒன்று உண்டு. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதுசாக ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல், வாழ்நாள் முழுக்க வேண்டியது. பால் பல் என்று நினைத்துச் சொத்தையோடு விட்டுவிடுகிறார்கள், எட்டு வயதில் அதைக் காப்பாற்றப் போராட வேண்டியிருக்கிறது. ஆறு வயதுக் குழந்தையை ஜன்னல் ஓரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பால் புட்டியோடு தூங்கவைக்கும் பழக்கம் இருந்தால் ஒரு வயதிலேயே நிறுத்துங்கள்.

பையன் ஸ்கூல்ல விழுந்து முன்பல்லு முழுசா வெளிய வந்துடுச்சு. அதை வெச்சு இன்னா செய்யறது?

நிரந்தரப் பல்லாக இருந்தால் திரும்ப வைக்க முடியும், நேரம்தான் எல்லாம். பல்லின் வெள்ளைத் தலையைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். மண் இருந்தால் குழாய்த் தண்ணீரில் சில விநாடி காட்டிவிட்டு, அதே குழியில் செருகித் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். தைரியம் வரவில்லை என்றால் ஒரு டம்ளர் ஆறிய பாலில் போட்டு எடுத்து வாருங்கள். அரை மணிக்குள் வந்தால் நம்பிக்கை அதிகம். காகிதத்தில் மடித்துக் காயவிட்டுக் கொண்டுவந்தால் பயன் குறைவு. பால் பல்லாக இருந்தால் திரும்பச் செருகக் கூடாது, கீழே இருக்கும் பல்லைக் கெடுத்துவிடும்.

பொண்ணு பல்லு முழுக்கப் பழுப்புக் கோடு. நல்லாத்தான் துலக்குறா. கல்யாணம் வேற வருது.

அவள் மேல் தப்பில்லை. தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊரில் வளர்ந்தால், பல் உருவாகும் வயதிலேயே, அதாவது எட்டு வயதுக்குள், எனாமலில் இந்தக் கறை பதிந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் நிறையப் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்த மாவட்டங்களில் இதைத் தடுக்க வந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது.

லேசான கறையை மேலோட்டமாகத் தேய்த்தும் வெளுக்கவைத்தும் குறைக்கலாம். ஆழமாக இருந்தால் மேலே காம்போசிட்டோ வெனீர் என்ற மெல்லிய ஓடோ ஒட்ட வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வராமல் இரண்டு மாதம் முன்னால் வாருங்கள்.

பிரியாணி கூட சாப்ட முடியல, வாயெல்லாம் எரியுது. வாயும் முழுசா திறக்க மாட்டேங்குது.

பாக்கு, ஹான்ஸ் புகையிலை, குட்கா என்று ஏதாவது பழக்கம் இருக்கிறதா? மறைக்காமல் சொல்லுங்கள், நான் திட்டமாட்டேன். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தும் கிடைக்கிறவர்களுக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. பாக்கு கன்னத்தின் உள்தோலை நார் நாராக இறுக வைக்கும். முதலில் காரம் எரியும், அப்புறம் வாய் குறுகும். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் செங்குத்தாக விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் தள்ளிப்போடாமல் வாருங்கள். முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பாது, ஆனால் இன்றே நிறுத்தினால் மேலும் இறுகாமல் பிடித்து நிறுத்தலாம். புற்றுநோயாக மாறக்கூடியது இது.

வெள்ளையாகவோ சிவப்பாகவோ தேய்த்தாலும் போகாத படலம், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். வாய்ப் புற்று ஆரம்பத்தில் வலிக்காது. சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவும் என்று பயந்து ஓடிவிடுகிறார்கள், பரவாது. சோதிக்காமல் விடும் மாதங்களில்தான் பரவும்.

ஒருத்தர் வீட்டுக்கே வந்து குறைஞ்ச விலைக்கு நிரந்தரப் பல்லு கட்டறாரு. கட்டிக்கலாமா?

வேண்டாம். பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டி, பிளாஸ்டிக் மாவை வாயிலேயே இறுகவைத்து ஒட்டிவிடுவார்கள். கழற்றிக் கழுவ முடியாது, அடியில் ஈறு அழுகும், நாற்றம் வரும், கடைசியில் நல்ல பல் இரண்டும் ஆடிப் போகும். பல் மருத்துவர் பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. பணம்தான் பிரச்சினை என்றால் வேலூர் பக்கத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள்.

வேர் சிகிச்சை செஞ்ச பல்லே மறுபடி வலிக்குது. ஏமாத்திட்டாங்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. விட்டுப்போன குழாய், ஓரம் கசிந்த அடைப்பு, போடாத கேப், பல்லில் விரிசல் என்று பல காரணம் இருக்கலாம். எக்ஸ்ரே பார்த்து, பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி வேர் சிகிச்சை செய்யலாம். அது முடியாதபோது ஈறைத் திறந்து வேர் நுனியை மட்டும் வெட்டி அடைப்பார்கள். விரிசல் வேர் வரை போயிருந்தால் மேலே பல் பிடுங்குவதைப் பற்றிச் சொன்ன மூன்று வழிதான்.

ராத்திரியில கன்னம் வீங்கிச்சுன்னா காலைல வரைக்கும் இருக்கலாமா?

வீக்கம் கன்னத்தோடு நின்று, நீங்கள் நன்றாக விழுங்க முடிந்தால் காலையில் முதல் ஆளாக வாருங்கள். வெளியே ஒத்தடம் கொடுத்துச் சூடு காட்டாதீர்கள், சீழ் தோல் பக்கம் இழுத்துக்கொண்டு வரும். வெந்நீர் உப்பால் உள்ளே கொப்பளிக்கலாம்.

தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல்லாக வீங்குவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, குளிர் காய்ச்சல், கண்ணை மூடும் அளவு வீக்கம், இதில் எது வந்தாலும் பல் கிளினிக்கைத் தேடாதீர்கள். கழுத்துக்குள் சீழ் இறங்கினால் சில மணி நேரத்தில் மூச்சை அடைத்துவிடும். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். போகும்போது உட்கார்ந்த நிலையிலேயே வையுங்கள், படுக்க வைக்காதீர்கள், சாப்பிடக் கொடுக்காதீர்கள், இதுவரை போட்ட மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.